மாயையும் மூச்சும்
கிறித்தவ இலக்கியம் காட்டும் நிலையாமையும் இன்றைய நாளும்

தமிழ் இலக்கியம் நிலையாமையைப் பாடாத காலம் என்று ஒன்று இல்லை. தொல்காப்பியர் காஞ்சித் திணையை அதற்கெனவே ஒதுக்கினார். வள்ளுவர் முப்பத்து நான்காம் அதிகாரத்தில், கூத்தாட்டு அவையில் கூடிக் கலையும் கூட்டத்தையும், கூட்டைத் தனித்தொழித்துப் பறந்துவிடும் பறவையையும் காட்டி அதனை விளக்கினார். நாலடியாரின் முதல் மூன்று அதிகாரங்களும் செல்வம், இளமை, யாக்கை என்னும் மூன்றன் நிலையாமையையே பேசுகின்றன. ஆதலின் வாழ்வு சிறிது என்னும் செய்தி நமக்குப் புதிதன்று. பாட்டியின் மடியிலேயே நாம் கேட்டறிந்தது.

ஆயினும் அறிந்த ஒன்றை மற்றொரு மரபு எவ்வாறு கூறுகிறது என்று காண்பது திறனாய்வுக்கு இன்பம் தருவதோடு, நம் வாழ்வுக்கும் ஒளி தருவதாகும். விவிலியத்திலும் அதனைத் தழுவி எழுந்த இலக்கியத்திலும் வாழ்வின் குறுமை எவ்வாறு பேசப்படுகிறது? குறுகிய வாழ்வில் இன்று என்னும் நாளுக்கு அவை தரும் மதிப்பு யாது? தாயகத்தை விட்டு நெடுந்தொலைவில் குடியேறி வாழும் நமக்கு அவை கூறுவது என்ன? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதனைப் படிப்போரில் பல சமயத்தாரும் உளர். சமயம் யாதாயினும் இலக்கியம் என்னும் பொதுமன்றத்தில் அமர்ந்து இதனைச் சிந்திக்கலாம் என்பது நம் துணிபு.

ஒரு சொல்லின் பயணம்

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் 'பிரசங்கி' என்றொரு சிறுநூல் உண்டு. பன்னிரண்டே அதிகாரங்கள் கொண்டது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இதனைச் 'சபை உரையாளர்' என்று வழங்குகிறது. எபிரேய மூலத்தில் இதன் பெயர் கோஹெலெத் என்பதாம். அவையைக் கூட்டி அதன்கண் உரைப்பவர் என்பது அப்பெயரின் கருத்தாகக் கொள்ளப்படுகிறது. சங்கத்தில் எழுந்து பேசுபவர் என்று நாமும் பொருள் கொள்ளலாம்.

இந்நூலின் உயிர்நாடியான சொல் ஹெபெல் என்பது. பன்னிரண்டு அதிகாரங்களுள் முப்பத்தெட்டு முறை வந்து, பாட்டின் பல்லவிபோல் நூல் முழுதும் ஒலிக்கிறது. அச்சொல்லின் நேர்ப்பொருள் மூச்சு அல்லது ஆவி என்பதேயாகும். குளிர்கால விடியலில் நாம் வாய் திறந்தால் வெண்புகைபோல் ஒரு கணம் தோன்றி மறைகிறதே, அதுவே ஹெபெல். தில்லியின் மார்கழிப் பனியில் பேருந்துக்குக் காத்து நின்றவர் எவர்க்கும் இதனை விளக்கத் தேவையில்லை.

கிரேக்கத்தில் இந்நூலைப் பெயர்த்தவர்கள் இச்சொல்லுக்குப் பயனின்மை என்னும் பொருள்படும் சொல்லை இட்டனர். இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் வெறுமை என்னும் பொருள்படும் சொல்லை இட்டார். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஜெரோமின் சொல்லையே பின்பற்றியது. தமிழில் நாம் நெடுங்காலமாகப் படித்துவரும் பழைய திருத்தப் பதிப்போ 'மாயை' என்றது. பொது மொழிபெயர்ப்பு 'வீண்' என்றது. மூச்சாகப் புறப்பட்ட சொல், வழியில் பயனின்மையாகி, வெறுமையாகி, நம் நாட்டை அடைந்தபோது மாயையாகிவிட்டது.

இதனால் விளைந்தது யாது? மாயை என்ற அளவில் தமிழ்ச்செவி 'உண்மையில் இல்லாத ஒன்று, பொய்த்தோற்றம்' என்று கேட்கிறது. ஆனால் மூச்சு பொய்த்தோற்றம் அன்று. அஃது உண்மையாகவே உள்ளது. அஃது இன்றி நாம் இல்லை. ஆயினும் அதனைக் கையில் பிடிக்க முடியாது, பேழையில் பூட்ட முடியாது. இல்லாமை வேறு, நில்லாமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டதனாலேயே இந்நூலை உலகை வெறுக்கச் சொல்லும் நூல் என்று பலரும் கருதிவிட்டனர்.

மொழிபெயர்த்தாரைக் குறை கூறுவது நம் கருத்தன்று. அவர்கள் பட்ட இடர்ப்பாட்டையும் எண்ணுதல் வேண்டும். தமிழில் மூச்சுக்கும், நீராவிக்கும், உயிர்க்கும் பொதுவாக 'ஆவி' என்றொரு அழகிய சொல் உண்டு. ஹெபெல் என்பதற்கு அதனினும் பொருத்தமான சொல் வேறில்லை. ஆனால் தமிழ் விவிலிய மரபில் அச்சொல் இறைவனின் ஆவியையும் மனிதனின் ஆன்மாவையும் குறிக்க முன்னரே வழங்கிவிட்டது. பரிசுத்த ஆவிக்கு உரிய சொல்லை நில்லாப் பொருளுக்கும் இடுவது எங்ஙனம்? மேலும், மாயை என்னும் சொல்லும் ஒரே பொருளில் நின்றதன்று. சைவ சித்தாந்தத்தில் மாயை பொய்யன்று, அஃது உள்பொருள், உயிர்களுக்கு உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் அதனின்றே அமைகின்றன என்பர். அப்பொருளில் கேட்டால் மொழிபெயர்ப்பாளர் பெரிதும் பிழைத்தார் அல்லர். எனினும், வழக்கில் மேலோங்கியது பொய்த்தோற்றம் என்னும் பொருளே.

இன்னுமொரு செய்தி ஈண்டு நினைவுகூரத் தக்கது. ஆதாமின் இரண்டாம் மகனும், தமையனால் கொல்லப்பட்டவனும் ஆகிய ஆபேலின் பெயர் எபிரேயத்தில் இதே எழுத்துகளால் ஆனதே. விவிலியத்தில் முதன்முதல் இறந்தவன் பெயரே மூச்சு! அவன் வாழ்வு குறுகியது, ஆனால் பொய்யன்று. அவன் அளித்த காணிக்கை ஏற்கப்பட்டது என்றே அந்நூல் கூறுகிறது. சிறிதாய் இருப்பதனாலேயே ஒன்று வீணாகிவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மதுரைக்காஞ்சியும் பிரசங்கியும்

பிரசங்கி தம்மைத் தாவீதின் மகனென்றும் எருசலேமில் ஆண்ட அரசரென்றும் கூறிக்கொள்கிறார். எனவே சாலொமோன் மன்னரின் குரலாகவே மரபு இதனைக் கொண்டது. மொழியாராய்ச்சியாளரோ நூல் பிற்காலத்தது என்பர். எவ்வாறாயினும், எல்லாம் பெற்ற ஓர் அரசர் பேசுவதாக நூல் அமைந்திருப்பது கருதத்தக்கது. அவர் மாளிகை கட்டுகிறார், திராட்சைத் தோட்டம் இடுகிறார், குளம் வெட்டுகிறார், பொன்னும் பாடகரும் திரட்டுகிறார். முடிவில் திரும்பிப் பார்க்கையில், இவையனைத்தையும் தமக்குப்பின் எவனோ ஒருவனுக்கு விட்டுச்செல்ல வேண்டும் என்பதும், அவன் அறிவுடையனோ மூடனோ யாரறிவார் என்பதும் அவர் நெஞ்சைச் சுடுகின்றன.

இதனைப் படிக்குந்தோறும் நமக்கு மதுரைக்காஞ்சி நினைவுக்கு வருகிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்தவே மாங்குடி மருதனார் அதனைப் பாடினார் என்பர். 782 அடிகள் கொண்ட அப்பாட்டில் முன்னோர் பலர் மாண்டு போயினர் என்னும் செய்தி சில அடிகளிலேயே முடிந்துவிடுகிறது. எஞ்சியவற்றில் விரிவது மதுரை மாநகரின் வாழ்வு. பகலங்காடியும் அல்லங்காடியும், பூவிற்பாரும் பண்ணியம் விற்பாரும், கோயிலும் அறங்கூறவையமும், யாமந்தோறும் மாறும் நகரின் ஓசையும் என, விடியல்வரை ஒரு நாள் முழுவதையும் புலவர் நமக்குக் காட்டுகிறார். நிலையாமையை உணர்த்த வந்தவர் சுடுகாட்டைக் காட்டவில்லை, அங்காடியைக் காட்டினார். இஃது உற்றுநோக்கத் தக்கது. உலகம் நில்லாது, ஆதலால் கண் திறந்து பார் என்பதே அவர் முறை.

பிரசங்கியும் இம்முறையினரே. நில்லாமையைக் கூறும் இடைஇடையே ஏழு இடங்களில் அவர் நின்று, உண்பதிலும் பருகுவதிலும் உழைப்பின் பயனை நுகர்வதிலும் உள்ள மகிழ்ச்சியைப் போற்றுகிறார். ஒன்பதாம் அதிகாரத்தில் உணவையும், வெண்ணிற ஆடையையும், தலைக்கு எண்ணெயையும், வாழ்க்கைத் துணையையும், கையில் எடுத்த தொழிலையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, இவையே இறைவன் உனக்கு அளித்த பங்கு என்கிறார். இவ்விடங்களை நீக்கிவிட்டுப் படிப்போர்க்கு நூல் இருண்டு தோன்றும். இவற்றையும் சேர்த்துப் படிப்போர்க்கோ, இருளில் ஏற்றிய ஏழு விளக்குகளாக இவை தோன்றும். நுகர்க என்று அவர் கூறுவது வெறும் களியாட்டத்தை அன்று. கொடையைக் கொடையாகப் பெற்றுக்கொள்வதையே கூறுகிறார். பன்னிரண்டாம் அதிகாரத்தில் முதுமையை அவர் ஓவியமாகத் தீட்டுமிடத்து, பாழடையும் ஒரு வீட்டைக் காட்டுகிறார். மாவரைக்கும் பெண்டிர் குறைந்துபோகின்றனர், பலகணி வழியே நோக்குவோர் ஒளியிழக்கின்றனர், தெருக்கதவுகள் அடைபடுகின்றன, வாதுமை பூக்கிறது. பல்லும் கண்ணும் செவியும் நரையும் என்று உரைகாரர் விளக்குவர். விளக்கமின்றியே அவ்வீடு நம் நெஞ்சில் நிற்கிறது. நம் ஊரில் பூட்டிக்கிடக்கும் வீடு ஒன்றை அது நினைவூட்டாமற் போவதில்லை.

யூதர் பலர் இந்நூலை ஆண்டுதோறும் கூடாரத் திருவிழாவில் ஓதுகின்றனர். அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும் காலம் அது. அந்நாளில் அவர்கள் தங்கள் வீட்டை விட்டு வெளியேறித் தழை வேய்ந்த குடிலில் தங்கி, முன்னோர் பாலைவனத்தில் அலைந்ததை நினைவுகூர்கின்றனர். மகிழ்ச்சித் திருநாளில் நிலையாமை நூலைப் படிப்பது முரண்போல் தோன்றும். ஆனால் நிலையற்ற குடிலில் அமர்ந்து விருந்துண்பதுதானே இந்நூலின் சாரம்!

காட்டுப்பூவும் சாலொமோனும்

புதிய ஏற்பாட்டில் இயேசுநாதரின் மலைப்பொழிவு, இதே பொருளை வேறொரு சுருதியில் இசைக்கிறது. வானத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டி, நாளையைக் குறித்த கவலையை விடுமாறு அவர் கூறும் பகுதியை அறியாதார் அரியர். ஆயினும் அதன்கண் உள்ள நயம் ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

பழைய ஏற்பாட்டில் புல்லும் பூவும் மனித வாழ்வின் அழிவுக்கு உவமைகள். ஏசாயாவும் சங்கீதக்காரரும் அவ்வாறே அவற்றை ஆண்டனர். காலையில் பூத்து மாலையில் வாடும் என்பது அவர்கள் கருத்து. இயேசு அதே பூவை எடுக்கிறார். இன்று உள்ளது, நாளை அடுப்பில் இடப்படுவது என்று அதன் குறுமையையும் மறைக்காமல் கூறுகிறார். ஆனால் முடிபை மாற்றிவிடுகிறார். நாளை எரியப்போகும் ஒன்றைக்கூட இறைவன் இத்துணை அழகாக உடுத்துகிறாரே என்பதுதான் அவர் வாதம். பிறர் எதனைக் கண்டு பெருமூச்செறிந்தனரோ, அதனையே கண்டு அவர் நம்பிக்கை கொள்கிறார்.

மற்றொன்று: அப்பூவுக்கு ஒப்பாகாதவர் என்று அவர் பெயர் சுட்டிக் கூறும் அரசர் யார்? சாலொமோனே. எல்லாம் பெற்றும் நெஞ்சம் நிறையாமல் பிரசங்கி நூலில் பேசுபவராக மரபு கொண்ட அதே மன்னர்! ஒரு நாளே வாழும் பூ, தன் நாளை முழுமையாக வாழ்ந்து, தொகுத்து வைத்தவரினும் மிக்க ஒளியுடன் நிற்கிறது. பிரசங்கி கேட்ட வினாவுக்கு ஒரு பூவைக் காட்டி விடையிறுத்தாற்போல் இப்பகுதி அமைந்துள்ளது. இலக்கியத்தில் இத்தகைய மறுமொழிகள் அரியவை.

அவர் கற்பித்த இறைவேண்டலிலும் உணவு வேண்டும் இடத்தில் 'இன்று' என்னும் சொல் அழுத்தமாக நிற்கிறது. அவ்விடத்து உணவுக்கு அடையாக வரும் கிரேக்கச் சொல் மிக அரியது. அன்றைக்குரிய என்றும், வாழ்வுக்கு வேண்டிய என்றும், வரும் நாளுக்குரிய என்றும் அறிஞர் பலவாறு பொருள் காண்பர். எப்பொருளாயினும், ஆண்டு முழுமைக்கும் வேண்டிய உணவை ஒருங்கே கேட்கும் வேண்டல் அன்று அது. நாள்தோறும் கை நீட்டும் உறவையே அது கற்பிக்கிறது. பாலைவனத்தில் இசுரவேலர்க்குக் கிடைத்த மன்னா என்னும் உணவும் அத்தகையதே. விடியற்காலம்வரை சேர்த்து வைத்தவர்களின் மன்னாவில் புழு நெளிந்தது என்கிறது யாத்திராகமம்.

இருவகைக் களஞ்சியங்கள்

இங்கே ஓர் ஐயம் எழும். நாளைக்கென்று சேர்த்து வைப்பதே தவறா? வாடகையும், பிள்ளைகளின் படிப்பும், ஊரில் உள்ள பெற்றோரின் மருத்துவச் செலவும் என்று ஒவ்வொரு மாதமும் கணக்குப் பார்க்கும் நம்மவர்க்கு, பறவையைப் பார் என்னும் அறிவுரை எளிதாகத் தோன்றுமா? இவ்வினா நேர்மையானது, இதனைத் தட்டிக்கழித்தல் தகாது.

விவிலியமே இதற்கு விடை தருகிறது. மன்னா புழுத்தது உண்மை, ஆனால் ஓய்வுநாளின் முன்னாள் இரு மடங்கு சேர்க்குமாறு பணிக்கப்பட்டது, அது புழுக்கவில்லை. நீதிமொழிகள் எறும்பைப் புகழ்கிறது. எகிப்தில் யோசேப்பு ஏழாண்டு விளைச்சலைச் சேமித்துப் பஞ்ச காலத்தில் பல்லாயிரவர் உயிரைக் காத்தார். எனவே களஞ்சியம் தவறன்று. எனின், லூக்கா நற்செய்தியில் வரும் செல்வனை இயேசு அறிவிலி என்று கூறியது ஏன்?

அவ்வுவமைக் கதையை உற்றுப் படிப்போம். நிலம் மிகுதியாக விளைந்த ஒருவன் தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். அப்பேச்சில் என் விளைச்சல், என் களஞ்சியம், என் தானியம், என் பொருள் என்று, எங்கும் 'என்' என்பதே ஒலிக்கிறது. தன் உயிரையும் தன் உடைமையாகவே விளித்துப் பேசுகிறான். அவன் சிந்தனையில் மனைவி இல்லை, மக்கள் இல்லை, பக்கத்து வீட்டான் இல்லை, அறுவடை செய்த கூலியாளும் இல்லை. யோசேப்பின் களஞ்சியம் பிறர்க்காகத் திறந்தது; இவன் களஞ்சியம் தனக்காக மூடியது. இது முதல் வேறுபாடு.

இரண்டாவது, நாம் பெரிதும் கருத வேண்டியது. உண்டு குடித்து மகிழ்ந்திரு என்று தனக்குத்தானே கூறிக்கொள்ளும் இவனை இன்றைய நாளில் திளைப்பவன் என்றே பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. அவன் இன்னும் மகிழவே தொடங்கவில்லை. பழைய களஞ்சியத்தை இடிக்க வேண்டும், புதியதைக் கட்ட வேண்டும், தானியத்தை நிரப்ப வேண்டும், அதன்பின்னரே மகிழ்ச்சி. அவன் தன் வாழ்வை ஒத்திவைத்தவன். அன்றிரவே உயிர் கேட்கப்படுகிறது. அவன் இழந்தது எதிர்காலத்தை மட்டுமன்று. வாழாமல் விட்ட இறந்தகாலம் முழுவதையுமே இழந்தான்.

பிரசங்கியின் நான்காம் அதிகாரத்தில் இவனுக்கு ஒரு முன்னோடி உண்டு. மகனும் உடன்பிறந்தாரும் இல்லாத தனியன் ஒருவன் ஓய்வின்றி உழைக்கிறான்; செல்வத்தால் அவன் கண் நிறைவதில்லை; யாருக்காக இவ்வுழைப்பு, எதற்காக என் இன்பத்தை நான் துறக்கிறேன் என்று அவன் ஒருநாளும் கேட்டுக்கொள்வதில்லை. அதனை அடுத்தே, ஒருவரினும் இருவர் நலம், விழுந்தவனைத் தூக்கத் துணை வேண்டும் என்று நூல் பேசத்தொடங்குகிறது. குறுகிய வாழ்வுக்கு மருந்து பெருஞ்செல்வம் அன்று, துணை என்பதே அவ்வைப்புமுறையின் குறிப்பு.

யாத்திரிகனின் அவசரம்

கிறித்தவ மரபில் நிலையாமை பேசும் மற்றொரு வழி, வாழ்வைப் பயணமாகக் காண்பது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில நூல் இவ்வகையில் உலகப்புகழ் பெற்றது. சமயக் கொள்கைக்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர் அவர். அந்நூலைத் தழுவி, கம்பனில் தோய்ந்த தம் தமிழால் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய பெருங்காப்பியமே 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம். நெல்லைச் சீமையில் 1827இல் வைணவக் குடும்பத்தில் தோன்றி, 1858இல் கிறித்தவம் தழுவிய இக்கவிஞரைக் கிறித்தவக் கம்பர் என்று தமிழுலகம் போற்றுகிறது.

பயண உருவகத்திற்கு ஓர் ஆற்றலும் உண்டு, ஓர் இடரும் உண்டு. உலகப் பொருளில் உள்ளம் சிக்கிவிடாது காப்பது அதன் ஆற்றல். வழியில் உள்ளவற்றை வெறும் வழியாகவே காணச்செய்வது அதன் இடர். பனியனின் நூலில் தலைவன் மனைவி மக்கள் அழைக்க அழைக்கக் காதில் விரலை இட்டுக்கொண்டு ஓடுகிறான். உருவகப் பொருளில் இது பொருந்தும். ஆயினும் படிப்போர் நெஞ்சு ஒரு கணம் நடுங்காமல் இராது. அந்நடுக்கத்தைப் பனியனும் உணர்ந்தார் போலும்! 1684இல் அவர் எழுதிய இரண்டாம் பகுதியில் மனைவியும் மக்களும் அதே வழியில் செல்கின்றனர். அப்பயணம் அவசரமற்றது, வழித்துணையும் விருந்தும் இசையும் உடையது. முதற்பகுதியிலுங்கூட இளைப்பாறும் மாளிகையும் இனிய மலைகளும் இடையிடையே உண்டு.

கிருஷ்ண பிள்ளையின் காப்பியத்தில் இவ்விடரைத் தணிப்பவை அதன் பக்திப் பாடல்கள் என்பது நம் கருத்து. கதை ஓட்டத்திடையே அமைந்து உள்ளம் உருகப் பாடும் தேவாரப் பகுதிகளே தமிழ் நெஞ்சங்களில் மிகவும் நிலைத்தன. சேருமிடத்தை எண்ணி விரையும் காப்பியம் அவ்விடங்களில் நின்று, இறைவனோடு அக்கணத்திலேயே உறவாடுகிறது. ஆழ்வார் பாசுரங்கள் ஒலித்த இல்லத்தில் பிறந்த கவிஞர்க்கு, பயணத்தின் நடுவிலும் பாடாமல் இருக்க முடியவில்லை. திறனாய்வு நோக்கில் அவற்றைக் கதைக்குத் தடையென்று கூறுவாரும் இருக்கலாம். நாமோ அவற்றையே காப்பியத்தின் மூச்சு என்போம்.

பாபிலோனுக்கு வந்த மடல்

இனி நம்மைக் குறித்துச் சில சொல்வோம். விவிலியத் தமிழில் இறைவனின் அடியார்களைக் குறிக்க வரும் சொற்களுள் ஒன்று 'பரதேசி'. பிறதேசத்தில் வாழ்பவர் என்பது அதன் நேர்ப்பொருள். பின்னரே அஃது இரந்துண்பாரைக் குறிக்கும் இழிசொல்லாயிற்று. நேர்ப்பொருளில் நாம் அனைவரும் பரதேசிகளே. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஆண்டுகள் பல கழித்தும், 'ஊர்' என்றால் நமக்கு வேறோர் இடமே நினைவுக்கு வருகிறது.

இதில் இழிவில்லை, ஆனால் ஓர் ஆபத்து உண்டு. ஓய்வு பெற்றபின் ஊருக்குச் சென்று வாழ்வோம் என்று நாம் கூறிக்கொள்கிறோம். நல்ல பாத்திரங்கள் பரணில் இருக்கின்றன; பட்டுச்சேலைகள் அந்துருண்டையின் மணத்தோடு பெட்டியில் உறங்குகின்றன; அடுத்த வீட்டாரின் மொழியைக் கற்க நேரமில்லை, ஏனெனில் நாம் இங்கே நிலையாக இருக்கப்போவதில்லை. இன்னும் இரண்டு ஆண்டு என்பது இருபது ஆண்டாகிறது. இதற்கிடையில் பிள்ளைகள் இந்நகரிலேயே வளர்ந்து, இதனையே தம் ஊராகக் கொண்டுவிடுகின்றனர். நாம் கட்டிக்கொண்டிருக்கும் புதிய களஞ்சியம் இதுதானோ?

கி.மு. 597இல் யூதர் பலர் சிறைப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நாம் விரும்பி வந்தோம், அவர்கள் இழுத்துச் செல்லப்பட்டனர் என்னும் வேறுபாட்டை மறவோம். ஆயினும் அவர்கள் உள்ளமும் ஊரையே நினைத்திருந்தது. இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா என்பவர் எருசலேமில் நின்று இனிக்கப் பேசினார். எரேமியாவோ எருசலேமிலிருந்து அவர்களுக்கு ஒரு மடல் எழுதினார். எழுபது ஆண்டுகள் ஆகும் என்றார். அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டமிட்டு அதன் கனியை உண்ணுங்கள். பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள். நீங்கள் இருக்கும் நகரின் நலத்தை நாடி அதற்காக வேண்டுங்கள், அதன் நலத்திலேயே உங்கள் நலம் உண்டு என்பது அம்மடலின் கருத்து.

எழுபது ஆண்டு என்னும் எண்ணின் கனத்தை இங்கே உணர்தல் வேண்டும். மோசேயின் வேண்டலாக வழங்கும் தொண்ணூறாம் சங்கீதம், மனித வாழ்வின் அளவையே எழுபது ஆண்டு என்கிறது. வலிமை மிக்கார்க்கு எண்பது. எனவே எரேமியாவின் மடலைப் படித்த முதியோர்க்கு அதன் பொருள் ஐயமற விளங்கியிருக்கும்: நீங்கள் திரும்பப்போவதில்லை, உங்கள் வாழ்வு இங்கேதான். இது கொடிய செய்தி. ஆயினும் அம்மடல் அவர்களை அழுதுகொண்டிருக்கச் சொல்லவில்லை. செடி நடச் சொன்னது. திரும்பும் நம்பிக்கையையும் அது பறிக்கவில்லை. அதனைப் பிள்ளைகளின் கையில் ஒப்படைத்தது. ஊரை மறவாமலே இருக்குமிடத்தில் வாழலாம் என்பதற்கு இம்மடலினும் சிறந்த இலக்கியச் சான்றை நாம் அறியோம்.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அகுஸ்தீனார் தம் வாழ்க்கை வரலாற்று நூலின் பதினோராம் பகுதியில் காலத்தை ஆராய்ந்தார். சென்றதும் வருவதும் உள்ளத்தின்கண் மட்டுமே உள்ளன. சென்றதன் நிகழ்வு நினைவு, வருவதன் நிகழ்வு எதிர்பார்ப்பு, உள்ளதன் நிகழ்வு கவனம் என்று மூன்றாகப் பகுத்தார். நம்மவர் வாழ்வில் நினைவுக்கும் குறைவில்லை, எதிர்பார்ப்புக்கும் குறைவில்லை. குறைந்திருப்பது இடையில் உள்ள கவனமே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், கிறித்தவ இலக்கியம் வாழ்வின் குறுமையைக் கூறுவது வாழ்வை இகழ்வதற்கு அன்று என்பது பெறப்படும். மறுமை உண்டு என்னும் நம்பிக்கை அதன் அடிப்படை. ஆனால் அந்நம்பிக்கை இம்மையைக் கைவிடுவதற்குச் சாக்காகாது என்பதே அதன் சிறந்த நூல்களின் குரல். தொண்ணூறாம் சங்கீதம், நாள்களை எண்ணும் அறிவை வேண்டுகிறது. ஆனால் அதனோடு முடிந்துவிடவில்லை. காலையிலேயே மகிழ்ச்சியால் நிரப்புமாறு கேட்டு, எங்கள் கைகளின் செயலை நிலைபெறச் செய்யும் என்னும் கருத்தோடு முடிகிறது. தாம் வழிநடத்திய மக்கள் சென்றடைந்த நாட்டை மலையுச்சியினின்று கண்டு, அதனுள் கால்வைக்காமலே மாண்டவர் மோசே. அவர் பெயரால் வழங்கும் வேண்டல் இவ்வாறு முடிவது நம் நெஞ்சைத் தொடுகிறது.

ஊருக்குச் செல்லும் நாள் வரலாம், வாராமலும் போகலாம். வந்தால் மகிழ்வோம். அதுவரை பரணில் உள்ள பாத்திரத்தை இறக்குவோம். பெட்டியில் உள்ள பட்டைப் பிள்ளைகள் காண உடுத்துவோம். அடுத்த வீட்டாரை இவ்வாண்டுப் பொங்கலுக்கு அழைப்போம். தொட்டியிலாயினும் ஒரு கறிவேப்பிலைச் செடி நடுவோம். நம் தமிழை நாளைக்கென்று சேர்த்து வைக்காமல், இன்றிரவு உணவின்போது பிள்ளைகளோடு பேசுவோம். சேர்த்து வைத்த மொழியும் மன்னாவைப்போல் கெட்டுவிடும்.

விடியற்பனியில் தோன்றி மறையும் மூச்சைக் காணும்போது, இது மாயை என்று சொல்லாதிருப்போம். இதோ, இன்னும் உயிரோடிருக்கிறோம் என்று சொல்வோம்.